ஆளுமையை அளக்க 8 கேள்வி போதுமா, 344 வேண்டுமா?

ஆளுமைக் கோளாறு இருக்கலாம் என்று சந்தேகம் வந்த மறுநிமிடமே பல கிளினிக்குகளில் கை அலமாரிக்குப் போகிறது. எம்சிஎம்ஐ என்ற ஆளுமை டெஸ்ட்டின் கேள்விப் புத்தகம் மேசைக்கு வந்துவிடுகிறது. நல்ல கருவிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பெங்களூருவின் அல்சூரிலிருந்தோ ஈஜிபுராவிலிருந்தோ வந்து உட்கார்ந்திருக்கும், ஆங்கிலம் அரைகுறையாகவும் தமிழும் கன்னடமும் கலந்தும் பேசுகிற ஒருவருக்கு 195 வாக்கியங்களை வாசித்து, வாசிக்கும்போதே வாய்மொழியாகத் தமிழாக்கி, "சரியா தப்பா" என்று கேட்டால் அந்தக் கருவியின் பலத்தில் பாதி அங்கேயே போய்விடும். எதை எடுப்பது என்று முடிவு செய்யும் முன் மூன்று விஷயம் தெரிய வேண்டும்: எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம், எந்த மொழியில் கேட்கப் போகிறோம், கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது. பெங்களூருவில் தமிழ் பேசுவோரைப் பார்க்கும் சைக்காலஜிஸ்ட்டுகளையும் எம்.ஃபில். பயிற்சியில் இருப்பவர்களையும் மனத்தில் வைத்துத்தான் இந்த ஒப்பீடு. டெஸ்ட் எடுத்து வரச் சொல்லி அனுப்பப்பட்டவர்களும் படிக்கலாம். எதற்கு இத்தனை கேள்வி என்பதாவது புரியும்.

பாங்கா, கோளாறா?

கணக்கு வழக்கில் கருத்தாக இருப்பவரும், ஒரு மின்னஞ்சலைப் பத்து முறை திருத்தி, கடைசியில் அனுப்பாமலே விட்டு வேலையை இழப்பவரும் ஒரே கோட்டில்தான் நிற்கிறார்கள். நிற்கும் இடம்தான் வேறு. இந்த எண்ணத்தை அப்படியே கருவியாக்கியது ஜெர்மனியில் கூல், கசேன் இருவரும் உருவாக்கிய பிஎஸ்எஸ்ஐ. 140 வாக்கியம், 14 பாங்கு, பாங்குக்குப் பத்து வாக்கியம். ஒவ்வொரு அளவுகோலுக்கும் இரட்டைப் பெயர்: ஒரு முனையில் 'கருத்தானவர்' போன்ற இயல்பான பாங்கு, மறுமுனையில் அதன் கோளாறு வடிவம். சிகிச்சையில் இருப்பவரிடம் அவரைப் பற்றியே பேசத் தொடங்க இது தோதான மொழி. நோயறிதலுக்கு உதவாது.

நோயறிதல் நூல்களிலேயே இப்போது இரண்டு பாதை ஓடுகிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-5 (2013) தன் முதன்மைப் பகுதியில் பழைய பத்துக் கோளாறுகளை அப்படியே வைத்திருக்கிறது. அதில், உணர்ச்சியும் உறவும் நிலையில்லாமல் அலைபாயும் பார்டர்லைன் கோளாறுக்கு ஒன்பது அறிகுறிகளில் ஐந்து இருந்தால் போதும். கூட்டிப் பார்த்தால் 256 விதமாக ஒருவர் அந்தப் பெயரைப் பெறலாம். ஒரே பெயர் பெற்ற இருவருக்கு ஒரே ஒரு அறிகுறி மட்டும் பொதுவாக இருக்கவும் வழியுண்டு. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த, உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 இந்தச் சிக்கலை வேறு விதமாக அவிழ்த்தது. வகைப்பெயர்களை எடுத்துவிட்டு, முதலில் தீவிரம் (லேசானது, மிதமானது, கடுமையானது), அதன்பின் ஐந்து பண்புக்கூறுகள், தேவைப்பட்டால் பார்டர்லைன் பாங்கு என்ற கூடுதல் குறிப்பு. கோளாறு என்று சொல்ல முடியாத நிலைக்கு 'ஆளுமைச் சிரமம்' என்ற தனி இடமும் உண்டு. நம் மருத்துவமனைகளில் பதிவுகள் ஐசிடி வழியில்தான் போகின்றன. ஆகவே வகைப்பெயர் தரும் கருவியை எடுத்தால், அறிக்கை எழுதும்போது அதை ஐசிடி-11-க்கு மாற்றும் வேலை தனியாகக் காத்திருக்கும்.

எட்டுக் கேள்வி, இரண்டு இடம், இரண்டு விடை

எல்லாவற்றிலும் சிறியது எஸ்ஏபிஏஎஸ், 2003-இல் வந்தது. எட்டே கேள்விகள்: நட்பைத் தக்கவைப்பது சிரமமா, தனிமை விரும்பியா, மற்றவர்களை நம்புவீர்களா, சட்டென்று கோபம் வருமா, யோசிக்காமல் செய்துவிடுவீர்களா, கவலைப்படும் சுபாவமா, பிறரைச் சார்ந்திருப்பீர்களா, எல்லாம் அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டுமா என்ற வகையில். நம்பிக்கை பற்றிய கேள்விக்கு மட்டும் "இல்லை" என்றால்தான் ஒரு மதிப்பெண். இதை மறந்துவிட்டு எட்டையும் ஒரே திசையில் கூட்டுவதே இதில் அதிகம் நடக்கும் தவறு. மூன்று வந்தால் மேலே பார்க்க வேண்டும். முதல் ஆய்வில் இந்த வெட்டுப்புள்ளி, கோளாறு உள்ளவர்களில் 94 சதவீதம் பேரைப் பிடித்தது. இல்லாதவர்களில் 85 சதவீதம் பேரைச் சரியாக விலக்கியது.

கேட்க அருமையாக இருக்கிறது. இப்போது அதையே இரண்டு இடங்களில் வைத்துக் கணக்குப் போடுவோம். மனநல மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில் நூறு பேரில் ஐம்பது பேருக்கு ஆளுமைக் கோளாறு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் 47 பேர் மாட்டுவார்கள். கோளாறு இல்லாத ஐம்பதில் ஏழெட்டுப் பேர் தவறாக மாட்டுவார்கள். மாட்டியவர்களில் கிட்டத்தட்ட 86 சதவீதம் உண்மை. இனி அதே எட்டுக் கேள்வியை ஒரு ஐடி நிறுவனத்தின் ஊழியர் நல முகாமில் கேளுங்கள். அங்கே நூற்றுக்குப் பத்துப் பேர் என்று கொள்வோம். ஒன்பது பேர் சரியாகவும், கோளாறே இல்லாத 90 பேரிலிருந்து பதின்மூன்று, பதினான்கு பேர் தவறாகவும் வருவார்கள். மாட்டியவர்களில் 41 சதவீதம்தான் உண்மை. கேள்வி மாறவில்லை, கேட்டவர் மாறவில்லை. கேட்ட இடம் மாறியது, பாதிக்கு மேல் பொய்யாகிவிட்டது.

எஸ்ஏபிஏஎஸ்ஸுக்கு மட்டுமல்ல, 344 கேள்வி உள்ள கருவிக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். கருவியின் நீளம் இதிலிருந்து காப்பாற்றாது.

நீண்ட கேள்வித்தாள்கள்: எம்சிஎம்ஐ-4, எம்எம்பிஐ-3, பிஏஐ

தியோடர் மில்லன் உருவாக்கிய எம்சிஎம்ஐ 1977-இல் தொடங்கி இப்போது நான்காம் பதிப்பில் (2015) இருக்கிறது. 195 வாக்கியம், சரி அல்லது தப்பு, சுமார் அரை மணி நேரம். இது தரும் மதிப்பெண், மற்ற டெஸ்ட்கள் சராசரியை 50 என்று வைத்துத் தரும் டி-மதிப்பெண் மாதிரி இல்லை. பேஸ் ரேட் என்ற தனி அளவு: 0 முதல் 115 வரை, 60 முதல் 74 வரை பாங்கு, 75 முதல் 84 வரை வகை, 85-க்கு மேல் கோளாறு என்று படிக்கிறார்கள். அந்தக் கோளாறு சிகிச்சைக்கு வந்தவர்களிடம் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதைக் கணக்கில் எடுத்து அளவுகோலை நெளித்திருப்பதால், மேலே சொன்ன இடப் பிரச்சினைக்கு இதுவே ஒரு விடை. ஆனால் எந்த ஊரின் பரவல்? அமெரிக்க நோயாளிகளின் பரவல். பெங்களூருவில் ஒருவருக்கு 'சார்பு' அளவுகோலில் 78 வந்தால், அந்த 78 இங்கே என்ன சொல்கிறது என்பது திறந்த கேள்விதான். கம்ப்யூட்டர் அச்சடித்துத் தரும் விளக்க அறிக்கை இந்தக் கேள்வியைக் கேட்காது. சரளமான ஆங்கிலத்தில் மூன்று பக்கம் எழுதித் தள்ளிவிடும்.

இன்னொன்று: இது சிகிச்சைக்கு வந்த, 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே. நன்றாக வாழ்கிறவர்களிடம் கொடுத்தால் நாடகத்தன்மை, தற்பெருமை, ஒழுங்குப்பிடிப்பு ஆகிய மூன்று அளவுகோல்களும் ஏறி நிற்கும் என்பது முந்தைய பதிப்புகளிலேயே பேசப்பட்ட குறை. அந்த வாக்கியங்களில் பல, கலகலப்பும் தன்னம்பிக்கையும் பொறுப்பும் உள்ளவர்கள் மனமார "சரி" என்று சொல்லக்கூடியவை. இதன் பலம் வேறு இடத்தில்: ஏற்கெனவே சிகிச்சையில் இருக்கும், ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஒருவரின் ஆளுமைப் பாங்கையும் தற்போதைய நோய்க்குறிகளையும் ஒரே அமர்வில் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். கவனமின்றிப் போட்டுத் தள்ளியதைப் பிடிக்க, யாருக்கும் பொருந்தவே முடியாத மூன்று வாக்கியங்கள் உள்ளே இருக்கின்றன. அதில் இரண்டுக்கு "சரி" போட்டிருந்தால் மொத்தத் தாளும் செல்லாது. எனவே முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான், ஆளுமை வரைபடத்தை அல்ல.

எம்எம்பிஐ-3 (2020) 335 வாக்கியம். டி-மதிப்பெண் 65-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். வகைப்பெயர் தராது, ஆளுமைப் பண்புகளுக்கென்று ஐந்து அளவுகோல் தனியாக உண்டு. மிகைப்படுத்திச் சொல்வதையும் மறைத்துச் சொல்வதையும் பிடிப்பதில் இதற்கு இணையில்லை. ஆகவே நீதிமன்றத்துக்குப் போகும் அறிக்கை, இழப்பீடு சம்பந்தப்பட்ட வழக்கு என்றால் நம் தேர்வு இதுவே. அன்றாட சிகிச்சைக்கு இத்தனை தேவையில்லை.

பிஏஐ இந்த மூன்றில் அதிகம் பேசப்படாதது, ஆனால் கையாள எளிதானது. 344 வாக்கியம் என்றாலும் "சரி, தப்பு" என்று நெருக்காமல் நான்கு படி தருகிறது. அமெரிக்க நான்காம் வகுப்பு ஆங்கிலம் போதும். ஆளுமைக் கோளாறுகளில் பார்டர்லைனையும் சமூக விரோதப் போக்கையும் மட்டுமே நேரடியாக அளக்கிறது. பார்டர்லைன் அளவுகோலை உணர்ச்சி நிலையின்மை, அடையாளக் குழப்பம், உறவுச் சிக்கல், தனக்கே தீங்கு விளைவிக்கும் செயல் என்று நான்காகப் பிரித்துக் காட்டும். சிகிச்சையை எங்கே தொடங்குவது என்று முடிவெடுக்க இந்தப் பிரிப்பு ஒரு வகைப்பெயரை விட அதிகம் உதவுகிறது.

மூன்றும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை, பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும் விற்கப்படுபவை. ஜெராக்ஸ் பிரதியிலும், எங்கிருந்தோ கிடைத்த எக்செல் தாளிலும் இவற்றை ஓட்டுவது உரிமைப் பிரச்சினை மட்டுமில்லை. பழைய பதிப்பின் திறவுகோலைப் புதிய பதிப்பின் கேள்விகளுக்குப் போட்டு வரும் மதிப்பெண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

இலவசமாகக் கிடைக்கும் இணை

டிஎஸ்எம்-5-இன் மூன்றாம் பகுதியில், வகைப்பெயரோடு நிற்காமல் பண்புகளையும் தீவிரத்தையும் பார்க்கும் மாற்று மாதிரியிலிருந்து வந்தது பிஐடி-5: 220 வாக்கியம், 0 முதல் 3 வரை நான்கு படி, 25 நுண்பண்புகள், ஐந்து பெரும்பண்புகள். 25 வாக்கியச் சுருக்கமும் உண்டு. இதனோடு எல்பிஎஃப்எஸ்-பிஎஃப் 2.0 என்ற 12 கேள்வித்தாளைச் சேர்த்துக்கொண்டால், ஒன்று 'என்ன மாதிரி' என்பதையும் மற்றொன்று 'எவ்வளவு மோசம்' என்பதையும் சொல்லும். தன்னைப் பற்றிய தெளிவு, வாழ்க்கைக்கு ஒரு திசை, பிறர் நிலையை உணர்வது, நெருக்கம் ஆகிய நான்கும்தான் அந்தப் பன்னிரண்டின் பொருள். ஐசிடி-11-இன் தீவிரம் என்ற கேள்விக்கு மிக அருகில் வருவதும் இதுதான்.

மதிப்பெண் போடும்போது தடுக்கி விழும் இடங்கள் தெரிந்தவை. முழு பிஐடி-5-இல் 16 வாக்கியங்கள் தலைகீழானவை, அதாவது ஒத்துக்கொண்டால் மதிப்பெண் குறைய வேண்டியவை. அவற்றைத் திருப்பாமல் கூட்டினால் சில நுண்பண்புகள் சத்தமில்லாமல் இறங்கிவிடும். மொத்தம் அல்ல, சராசரி எடுக்க வேண்டும். பெரும்பண்பு ஒவ்வொன்றும் குறிப்பிட்ட மூன்று நுண்பண்புகளின் சராசரி மட்டுமே. இருபத்தைந்தையும் ஐந்தாகப் பங்கு போடக் கூடாது. ஒரு பகுதியில் கால்வாசிக்கு மேல் விடை விடுபட்டிருந்தால் அதற்கு மதிப்பெண்ணே கிடையாது. சுருக்க வடிவத்தில் 25-இல் ஏழு காலியாக இருந்தால் மொத்தமும் செல்லாது.

குறை என்ன? பொய்யைப் பிடிக்கும் ஏற்பாடு மூலக் கருவியில் இல்லை; முரண்பட்ட விடைகளைக் கண்டறியும் அளவுகோல்களைப் பிற்பாடு ஆய்வாளர்கள் சேர்த்தார்கள். ஐசிடி-11 சொல்லும் ஐந்தில் ஒன்றான ஒழுங்குப்பிடிப்பும் இதில் பெரும்பண்பாக இல்லை, 'விறைப்பான முழுமைவாதம்' என்ற நுண்பண்பாக மட்டும் ஒளிந்திருக்கிறது. இந்த ஓட்டையை அடைக்கவே 36 வாக்கியங்கள் கொண்ட பிஐடி5பிஎஃப்+எம் வந்தது. ஐசிடி-11 வழியில் எழுதுகிறவர் நேராக இதற்கே போகலாம்.

எதிரே உட்கார்ந்து கேட்பது

இங்கே கொஞ்சம் பெங்களூரு வரலாறு. உலக சுகாதார நிறுவனத்துக்காக லோரங்கர் உருவாக்கிய ஐபிடிஇ நேர்காணலின் களச் சோதனை, 11 நாடுகளில் 14 மையங்களில் 716 நோயாளிகளிடம் நடந்தது. முடிவு 1994-இல் வெளியானது. அந்த மையங்களில் பெங்களூருவும் ஒன்று, நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் எஸ். எம். சன்னபசவண்ணா அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். அமெரிக்க மாணவர்களிடம் மட்டும் உரசிப் பார்த்த கருவி அல்ல இது.

ஐபிடிஇயின் கேள்விகள் கோளாறு வாரியாக வராமல் வேலை, தன்னைப் பற்றிய எண்ணம், உறவுகள், உணர்ச்சி, நடப்பை உணர்தல், உந்துதலைக் கட்டுப்படுத்தல் என்று பேச்சுப் போக்கில் வருகின்றன. எதிராளிக்கு விசாரணை மாதிரித் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2. "ஆமாம்" என்று சொன்னதற்கே மதிப்பெண் கிடையாது. உதாரணம் கேட்க வேண்டும், அந்த உதாரணம் பொருந்த வேண்டும், அந்த நடத்தை ஐந்து ஆண்டாவது நீடித்திருக்க வேண்டும், ஒரு கோளாறின் அறிகுறிகளில் ஒன்றாவது 25 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். கடைசி இரண்டு கால விதிகளே பல தவறுகளைத் தடுத்துவிடும். விவாகரத்துக்குப் பின் இரண்டு ஆண்டாகச் சுருங்கிப்போன ஒருவரைக் கேள்வித்தாள் 'விலகல் ஆளுமை' என்று தூக்கிக் கொடுக்கும், ஐபிடிஇ கொடுக்காது. முன்னோட்டமாக 59 வாக்கியத் தாள் ஒன்று உண்டு. அதை வைத்து நோய்ப்பெயர் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அது நேர்காணல் தேவையா என்று பார்க்க மட்டுமே, வேண்டுமென்றே தளர்வாக அமைத்தது.

எஸ்சிஐடி-5-பிடி (2016) இன்னும் புதியது, டிஎஸ்எம்மின் பத்துக் கோளாறுகளுக்கும் நேரடியானது. முதலில் 106 கேள்வித் தாள், பிறகு அதில் "ஆம்" என்றவற்றை மட்டும் நேரில் தோண்டுவது. இதனால் நேரம் மிச்சம். ஆனால் "இல்லை" என்று சொல்லியே பழகியவர், குறிப்பாகத் தற்பெருமை, சமூக விரோதப் போக்கு உள்ளவர், இந்தச் சல்லடையில் நழுவிவிடுவார். சந்தேகம் இருந்தால் அந்தப் பகுதிகளை "இல்லை" என்றாலும் கேட்டுவிட வேண்டும், வீட்டாரிடமும் கேட்க வேண்டும். அம்மாவிடம் மட்டும் கேட்டால் ஒரு சித்திரம், மனைவியிடம் கேட்டால் வேறு சித்திரம். முடிந்தால் இருவரிடமும் தனித்தனியாக, சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு.

இரண்டுக்கும் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் வேண்டும். 45 நிமிட அமர்வில் திணிக்காமல் இரண்டாகப் பிரியுங்கள்.

தமிழில் கேட்கும்போது

எதிர்மறை வாக்கியம்தான் முதல் கண்ணி. "எனக்கு நெருங்கிய சிநேகிதர்கள் யாரும் இல்லை" என்று வாசிக்கிறீர்கள். அவர் "இல்லை" என்கிறார். சிநேகிதர்கள் இல்லை என்று வாக்கியத்தை ஒத்துக்கொண்டாரா, அல்லது வாக்கியமே தப்பு என்றாரா? பேச்சுத் தமிழில் முதல் பொருளே இயல்பு. தாளில் "தப்பு" கட்டத்தில் டிக் விழுவதோ இரண்டாம் பொருளில். சரி, தப்பு என்று எழுதிய இரண்டு அட்டைகளைக் கையில் கொடுத்துத் தொட்டுக் காட்டச் சொன்னால் இந்தக் குழப்பம் பெருமளவு தீரும். நேர்காணலில் இந்தத் தொல்லையே இல்லை, "யார் யார் இருக்காங்க, சொல்லுங்க" என்று அடுத்த கேள்வி வந்துவிடும்.

அடுத்தது, எது வழக்கம், எது கோளாறு என்பது. முப்பது வயதில் சம்பளத்தை அம்மா கையில் கொடுப்பதும், கல்யாணம், வீடு, வேலை மாற்றம் எல்லாவற்றையும் பெற்றோரைக் கேட்டே முடிவு செய்வதும் சார்பு அளவுகோலை ஏற்றிவிடும். கேட்க வேண்டியது அதுவல்ல. கேட்பதற்கு ஆள் இல்லாதபோது, அதாவது ஊரிலிருந்து வந்து பிஜி விடுதியில் தனியாக இருக்கும்போது, சாப்பாடு, மருந்து, வங்கி வேலை நடக்கிறதா நின்றுவிடுகிறதா? பிடிக்காத ஒன்றை ஒருமுறையாவது மறுத்திருக்கிறாரா? அதேபோல் பெங்களூருவில் தமிழர்கள் தாக்கப்பட்ட 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தைப் பார்த்த வயதான ஒருவர், பதற்றமான நாட்களில் தெருவில் தமிழில் சத்தமாகப் பேச மாட்டேன், யார் என்ன என்று பார்த்துத்தான் பேசுவேன் என்றால் அது சந்தேக ஆளுமை இல்லை, அனுபவம். அவர் தன் சொந்தத் தம்பியையும் முப்பது வருட அண்டை வீட்டுக்காரரையும் அதே கண்ணோடு பார்க்கிறாரா என்பதில்தான் மதிப்பெண் இருக்கிறது.

மூன்றாவது எல்லா மொழிக்கும் பொது: மனச்சோர்வின் நடுவில் ஆளுமையை அளக்காதீர்கள். விலகல், சார்பு, பார்டர்லைன் மூன்றும் அப்போது ஏறியிருக்கும். மருந்து வேலை செய்து மனம் தெளிந்ததும் ஓரளவு இறங்கும். குடியை நிறுத்திய முதல் வாரம், தற்கொலை எண்ணம் தீவிரமாக இருக்கும் நாட்கள், மேனியா, இவற்றிலும் அளவு வேண்டாம். காத்திருக்க முடியாத நிலையென்றால் நேர்காணல்தான், அதுவும் "இந்த மனநிலை வருவதற்கு முன், நன்றாக இருந்த காலத்தில் எப்படி இருப்பீர்கள்" என்று ஒவ்வொரு முறையும் நினைவூட்டி.

எனவே எதை?

கூட்டம் நெரியும் ஓபிடியில் எஸ்ஏபிஏஎஸ்ஸின் எட்டுக் கேள்வி. மூன்றோ அதற்கு மேலோ வந்தவர்களை மட்டும் தமிழ் பேசும் ஒருவர் நேர்காணலுக்கு எடுப்பது. ஆங்கிலத்தில் வசதியாக இருக்கும், தெரபி தொடங்கப்போகும் ஒருவருக்கு எல்பிஎஃப்எஸ்-பிஎஃப் 2.0 என்ற 12 கேள்வித் தாளும் பிஐடி5பிஎஃப்+எம் என்ற 36 வாக்கியத் தாளும், அடுத்த அமர்வில் சந்தேகமான பகுதிக்கு மட்டும் எஸ்சிஐடி-5-பிடி. தற்கொலை முயற்சியும் உறவு முறிவும் மாறி மாறி வருகிறவர் என்றால் பிஏஐயைச் சேர்க்கலாம். எம்சிஎம்ஐ-4-ஐ இந்த வரிசையில் கடைசியில்தான் வைக்கிறோம், சிகிச்சை முட்டிக்கொண்டு நிற்கும்போது இரண்டாவது பார்வையாக. ஆங்கிலம் படிக்காதவருக்கு வாசித்துக் காட்டுவதற்காக அதை எடுக்கவே வேண்டாம். அந்த நேரத்தை ஐபிடிஇக்குக் கொடுங்கள்.

வேலைக்கு ஆள் எடுக்க, பதவி உயர்வு தர என்று ஒரு நிறுவனம் கேட்டால் இந்தப் பட்டியலில் எதுவுமே கூடாது. அமெரிக்காவில் 2005-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், பதவி உயர்வுக்கு எம்எம்பிஐ கொடுப்பது மருத்துவப் பரிசோதனைக்குச் சமம், மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. இங்கே 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சைத் தகவலின் ரகசியத்தை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. ஹெச்ஆர் கேட்கிறது என்பதற்காக மதிப்பெண் தாளை மின்னஞ்சலில் அனுப்பிவிட முடியாது.

அறிக்கையில் "இவருக்கு பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு இருப்பது டெஸ்ட்டில் உறுதியானது" என்ற வரி வரக் கூடாது. எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, எந்த மொழியில், அவரே படித்தாரா வாசித்துக் காட்டப்பட்டதா, அன்றைக்கு மனநிலை எப்படி, என்ன மருந்து, வீட்டார் யாரிடம் பேசினோம், மதிப்பெண் என்ன, நேர்காணலில் கிடைத்த உதாரணங்கள் எவை, அவற்றிலிருந்து வந்த முடிவு என்ன என்ற வரிசையில் எழுதினால், ஆறு மாதம் கழித்து அந்தக் கோப்பைத் திறக்கும் வேறொரு மருத்துவர் அந்த முடிவை ஏற்கவும் முடியும், திருத்தவும் முடியும்.